தூண் ஓரத்து மேஜை

"வாங்க சார், உங்க இடம் ரெடியா இருக்கு."

இருதயராஜ் கைகாட்டிய இடத்தைப் பார்த்ததும் பக்தவத்சலத்துக்குச் சுருக்கென்றது. அதே தடித்த தூண். அதன் பின்னால் சுவரைப் பார்த்தபடி அதே ஒற்றை மேஜை. எதிரே கைகழுவும் குழாய், அதற்கு மேலே போன வருஷத்துக் காலண்டர்.

வங்கி மேனேஜராக ஓய்வு பெற்றவர் அவர். தன் அறைக்கு வந்த யாரையும் நிற்க வைத்துப் பேசியதில்லை. அவரைப் போய் இந்தக் கட்கி பஜார் டிபன் ஹோட்டல்காரன் மூன்று மாதமாகக் குழாயடியில் உட்கார வைக்கிறான்!

நடு ஹாலில் புதிதாக ஒரு பெரிய மீன்தொட்டி வேறு. பின்பக்கம் நீலத்தாள் ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு மீன்கூடக் கிடையாது. அலங்காரம் செய்யத் தெரிகிறது, ஆளுக்கு மரியாதை கொடுக்கத் தெரியவில்லை.

முன்பெல்லாம் இப்படியில்லை. மனைவி ஆனந்தவல்லியோடு வந்தபோது ஜன்னல் மேஜைதான். டாக்டர் வைஷாலி இரண்டு பேருடைய சர்க்கரை ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு, "இனிப்பு, எண்ணெய், ஆலு, சப் பந்த்!" என்று உருளைக்கிழங்கு வரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிக் கத்தியதோடு அது நின்றுபோனது. வீட்டில் பாக்ரி என்கிற வறட்டுச் சோள ரொட்டியும் சுரைக்காயும்தான். சாமி படத்துக்கு முன்னால் இருவரும் சத்தியமே செய்திருந்தார்கள்.

பக்தவத்சலத்தின் சத்தியம் ஒன்பது நாள் தாங்கியது. பத்தாம் நாள் "வாக்கிங் போயிட்டு வரேன்" என்று கிளம்பியவர் நேராக இங்கேதான் வந்தார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வாக்கிங். ஆனந்தவல்லியும் அந்த நேரத்தில் பிள்ளையார் கோயிலில் நூற்றெட்டு சுற்று சுற்றக் கிளம்பிவிடுவதால் அவருக்கு வசதியாகப் போயிற்று.

பாவம், அத்தனை சுற்றியும் அவளுக்குச் சர்க்கரை குறையவில்லை. இவருக்கும்தான். லேப்காரன் சரியில்லை என்பதில் மட்டும் தம்பதிக்குள் கருத்து வேற்றுமையே கிடையாது.

ஆனால் இந்தத் தூண்! தனியாள் என்றால் இளப்பமா? கிழவன் ஜன்னலில் தெரிந்தால் கடைக்கு அழகு குறைச்சலா?

முழுக்கைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்து பார்த்தார். தூண். தலைக்குச் சாயம் பூசி வந்தார். தூண். ஓய்வு பெற்ற அன்று போட்ட கோட்டை மே மாத வெயிலில் மாட்டிக்கொண்டு வந்தார். "ஜோரா இருக்கீங்க சார்" என்று சொல்லித் தூணுக்கே கூட்டிப் போனார் இருதயராஜ்.

இன்றும் அதே கோட்டில் வந்தவர் கேட்டே விட்டார்.

"ஜன்னல்கிட்ட காலியாத்தானே இருக்கு?"

"அது ரிசர்வ்டு சார்."

"யாருக்கு?"

"ஒரு... பார்ட்டி வரணும்."

மசால் ரோஸ்ட் வந்தது. பார்ட்டி வரவில்லை. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும் இரண்டு பையன்கள் வந்தார்கள். இருதயராஜ் அவர்களை ஜன்னலிலேயே உட்கார வைத்தார்.

பக்தவத்சலம் பொங்கிவிட்டார். தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"அரே சார், அந்தப் பக்கம் போகாதீங்க!"

"ஏன்? நான் சாப்பிடறது நாலு பேருக்குத் தெரிஞ்சா உங்க மானம் போயிடுமா?"

"என் மானம் போகாது சார்..."

இருதயராஜ் கபடி ஆடுகிறவர் மாதிரி இரண்டு கையையும் விரித்து வழி மறித்தார். பக்தவத்சலம் இடப்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி, வலப்பக்கமாகத் தூணைச் சுற்றினார். சாம்பார் கோட்டில் கொட்டியது.

தூணுக்கு அந்தப் பக்கமும் ஒரு ஒற்றை மேஜை. அதில் ஆனந்தவல்லி. கையில் பாதி ஜாங்கிரி, வாயில் மீதி.



"நூத்தெட்டு சுத்து?" என்றார் இவர்.

"வாக்கிங்?" என்றாள் அவள், ரோஸ்ட்டைப் பார்த்து. பிறகு ஜாங்கிரியை விழுங்கிவிட்டு இருதயராஜிடம் திரும்பினாள். "தினமும் என்னை ஏன் தூணுக்குப் பின்னாடியே உக்கார வைக்கிறீங்கன்னு சண்டை போட்டேனே, இதுக்குத்தானா?"

"நான் என்னம்மா பண்றது? ரெண்டு பேரும் ஒரே நேரத்துக்கு வர்றீங்க. ஒரு குடும்பத்துல சண்டை வரக் கூடாதேன்னு பார்த்தேன்."

பக்தவத்சலத்துக்கு வெட்கமாகப் போயிற்று. இந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்! ஆனால் வெட்கத்தை மனைவி எதிரில் காட்ட முடியுமா?

"சாமி முன்னாடி சத்தியம் பண்ணிட்டு ஜாங்கிரியா? நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்றேன்!"

"சொல்லுங்க! உருளைக்கிழங்கைப் பத்தி நானும் சொல்றேன்! அந்த அம்மா உங்களை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க!"

குரல் உயர்ந்துகொண்டே போனது. இருதயராஜ் பதறிப்போய் இரண்டு பேரையும் கும்பிட்டார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார். நீலத்தாளுக்குப் பின்னாடி டாக்டர் மேடம் குலாப்ஜாமூன் சாப்பிட்டுட்டிருக்காங்க. அந்த மீன்தொட்டியை அவங்களுக்காகத்தான் வாங்கிப் போட்டேன்!"