வுலாசுவா எறிந்த கற்கள்

கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு நான் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன்.

எதிரே, புளியமரத்துக்குப் போகிற பாதையில் வுலாசுவா அக்கா நின்றுகொண்டிருந்தார். மடி நிறையக் கல்.

முதலில் இரண்டு பெண் லெமூர்கள் வெளியே வந்தன. குரங்கு போன்ற அந்த இனத்தில் பெண்கள் வைத்ததுதான் சட்டம். வரி போட்ட வாலை உயர்த்திப் பிடித்தபடி, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மரமேறிப் போயின. அவற்றின் பின்னாலேயே அடங்கி ஒடுங்கி ஓர் ஆண் போனது.

கடைசியாகப் போத்தா தலையை நீட்டினான். எங்கள் தீவில் குண்டுப் பிள்ளைகளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவோம்.

எங்கள் காப்பகத்துக்கு வந்தபோது அவன் குண்டாக இல்லை. துலியாரா சந்தையில் ஒரு கூடைக்குள் எலும்பும் தோலுமாக விலைக்குக் கிடந்தான். தாயைக் கொன்றுவிட்டுத்தான் குட்டியை எடுத்திருப்பார்கள். அக்கா அவனை மார்புத் துணிக்குள் முடிந்துகொண்டு, விரல் நுனியில் ஆட்டுப்பால் தொட்டுத் தொட்டுக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். அதன் பிறகு அவர் துணி துவைத்தாலும் சரி, மரவள்ளிக்கிழங்கு உரித்தாலும் சரி, தோளில் அவன் உட்கார்ந்திருப்பான்.

"உனக்குப் புருஷன் எதுக்குக்கா, இவனே போதுமே" என்று நான் கேலி செய்வேன்.

"இவன் குடிக்க மாட்டான். உன்ன மாதிரி ஊர் வம்பும் பேச மாட்டான்" என்பார்.

ஆனால் மனிதனைக் கண்டு பயப்படாத லெமூர் காட்டில் பிழைக்காது. எங்கள் சனங்களுக்கு அதன்மேல் கை வைப்பது விலக்கு. மழை பொய்த்து, ஊரை விட்டு வந்து, காட்டோரம் கரி சுட்டுப் பிழைக்கிறவர்களுக்கு அந்த விலக்கு கிடையாது; அகப்பட்டால் அடித்துத் தின்றுவிடுவார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. பசி.

அதனால்தான் காப்பகத்தை நடத்தும் டாக்டர் லலைனா கறாராகச் சொல்லியிருந்தார். "மனுஷங்களப் பாத்தா இவன் ஓடணும். ஓடினா வெளிய விடுறேன். இல்லன்னா ஆயுசு பூரா கூண்டுதான்."

கல்லெறிந்து, தகரத்தைத் தட்டி, விரட்டிப் பழக்க வேண்டும். நான் செய்கிறேன் என்றேன். சமையல்காரரும் வருகிறேன் என்றார். அக்கா யாரையும் கிட்டவே விடவில்லை.

"உங்களுக்குக் கை தவறிடும். நான் எறிஞ்சா அவன் மேல படாது."

படவே இல்லை. ஒவ்வொரு கல்லும் அவனுக்கு ஒரு முழம் தள்ளித்தான் விழுந்தது. முதல் கல்லைத் தின்பண்டம் என்று நினைத்து, எடுத்து முகர்ந்து பார்த்தான். தகரத்தைத் தட்டியபோது பயந்துபோய் அக்காவின் தோளுக்கே தாவி வந்தான். ஒளிய அவனுக்கு வேறு இடம் தெரியாது. அவனைப் பிய்த்து எறிந்துவிட்டுச் சமையலறைக்குள் போனவர், சத்தம் வெளியே வராமலிருக்கத் துணியைக் கடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை.

மழைக்காலம் போவதற்குள் பாடம் ஏறிவிட்டது. அக்காவின் வாசம் பட்டாலே கூண்டின் மூலைக்கு ஓடினான்.

இப்போதும் அவரைக் கண்டதும் அப்படியே நின்றான்.

அக்கா கையை ஓங்கினார். கல் கையை விட்டுப் போவதற்குள், நாய் குரைப்பது போல ஒரு சத்தம் போட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு ஓடிப் புளியமரத்தின் உச்சிக்கே போய்விட்டான்.

கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற டாக்டர் கைதட்டினார்.

"பாஸாயிட்டான்க்கா" என்றேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "என்னத் திட்டிக்கிட்டே இருக்கட்டும். உசுரோட இருந்தா போதும்."

அந்த நேரம் பார்த்துக் காட்டுப் பக்கமிருந்து ஒரு கரிக்காரன் வந்தான். இந்தப் பக்கம் நாங்கள் பார்த்தறியாத ஆள். தலையில் மூட்டை, இடுப்பில் வெட்டுக்கத்தி. எங்களைக் கவனிக்காமல் புளியமரத்தடியில் மூட்டையை இறக்கினான். உட்கார்ந்து, மடியிலிருந்து வெந்த கிழங்கு ஒன்றை எடுத்துப் பிட்டான்.

போத்தா உச்சியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

பிறகு கிளை கிளையாக இறங்கினான். அந்த ஆளின் முன்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினான்.

கரிக்காரனின் கை மெதுவாகக் கத்திப் பக்கம் போவதைப் பார்த்தேன்.

அக்கா அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தார். "மேல ஏறுடா, ஏறிடு" என்று கத்திக்கொண்டே கல்லை வீசினார். அது வேரில் பட்டுத் தெறித்தது. அடுத்ததை வீசினார்.

போத்தா பாய்ந்தான். மரத்துக்கு அல்ல. கரிக்காரனின் நெஞ்சில் ஏறி, அவன் சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டான்.

கரிக்காரன் ஒரு கணம் திகைத்துப்போனான். பிறகு கத்தியை மறந்து இரண்டு கைகளாலும் அவனைப் பொத்திக்கொண்டான்.

"தள்ளிப் போம்மா. வாயில்லா ஜீவன், உடம்பெல்லாம் எப்படி நடுங்குது பாரு. என்ன பண்ணின இத?"

அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். மடியிலிருந்த கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

போத்தா மனிதர்களுக்குப் பயப்படப் பழகிவிட்டான் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அவன் பழகியது அக்கா ஒருவருக்குப் பயப்பட மட்டும்தான்.

டாக்டர் திறந்து கிடந்த கூண்டைக் கையால் காட்டினார்.

நான் தூக்கப் போனேன். அவன் அந்த ஆளின் சட்டையை விடவில்லை. கடைசியில் கரிக்காரனே அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குழந்தையிடம் பேசுவது போல ஏதோ சொல்லித் தேற்றியபடி கூண்டை நோக்கி நடந்தான்.

அக்கா கொஞ்சம் பொறுத்துப் பின்னால் வந்தார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, தன் வாசம் அவனுக்கு எட்டாத பக்கமாகவே வந்தார்.