பெண் வரிசை

விதைப் பண்ணையில் மக்காச்சோளத்தின் ஆண் வரிசைக்கு மட்டும்தான் தண்ணீர் பாய்ந்தது. விதை பிடிக்கும் பெண் வரிசையைக் காயப்போடுவது வேலாத்தாளின் பொறுப்பு. தினமும் சுருண்ட இலையை இரண்டு விரலால் நெருடிப் பார்த்து, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வாள். அவள் கணக்கு தப்பியதில்லை. கதிரை ஒடித்த பிறகு பெண் செடிகளை வேரோடு பிடுங்கிக் குப்பைமேட்டில் போடுவதும் அவள்தான்.

"ஆண் செடியையும் காயப்போட்டா என்னங்க?" என்று ஒருநாள் ஆராய்ச்சி மேடத்திடம் கேட்டாள்.

"அது பட்ட கஷ்டம் விதைக்கு ஏறாது. தாய் காஞ்சாத்தான் விதை மறக்காம வெச்சுக்கும். அப்புறம் எந்தப் பஞ்சத்துலயும் பொழைச்சுக்கும்."

அன்றிலிருந்து வேலாத்தாளின் வீட்டில், ஏழு மாதப் பிள்ளையைச் சுமக்கும் மருமகள் பூங்கொடிக்கு ஒருவேளைக் கஞ்சிதான். மூன்றாவது வாரம் அவள் வட்டிலை நீட்டினாள்.

"அத்தை, கண்ணு இருட்டிக்கிட்டு வருதுங்க."

"வரட்டும். எம் பேரன் கெட்டியாப் பொறப்பான்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகன் நிமிர்ந்து பார்க்காமல் மோருக்குக் கை நீட்டினான். வேலாத்தாள் அவன் சோற்றில் தாராளமாக ஊற்றினாள். பூங்கொடி சுவரோடு சரிந்தாள். வேலாத்தாள் பக்கத்தில் குந்தி, அவள் காதுமடலை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தாள்.

"இன்னும் நாலு நாள் தாங்கும்" என்றாள் மகனிடம்.