பூத்தண்ணீரில் குளித்த டிஸ்க்

"பழைய டிஸ்கையே திரும்ப மாட்டுங்க. முதல்ல சைரன் வேலை செய்யட்டும்" என்றாள் வுரி, வாக்கி டாக்கியில்.

பர்யோனோ மேசை மேலிருந்த டிஸ்கை எடுத்துப் பார்த்தான். "அது நனைஞ்சு கிடக்கு."

"எப்படி நனைஞ்சது?"

"பதினோரு வருஷம் ஊரைக் காத்ததாச்சே. சும்மா கழட்டிப் போட மனசு வரல. பூத்தண்ணியில குளிப்பாட்டிட்டேன்."

"பரம்பரைக் குறுவாளை மரியாதைக்குக் குளிப்பாட்டுவாங்க. கம்ப்யூட்டர் டிஸ்கையுமா குளிப்பாட்டுவாங்க? உங்களை என்ன பண்றது!"

எரிமலைச் சரிவிலிருந்த கண்காணிப்புச் சாவடிக்குப் பர்யோனோ பொறுப்பாளன். மேலே புதைத்த கருவி அதிர்ந்தால் ஆற்றங்கரைச் சைரனை அலறவைக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டரை அமைத்தவள் அவன் மனைவி வுரி. கிழட்டு டிஸ்கில் இருந்ததையெல்லாம் நேற்று எஸ்.எஸ்.டி. என்ற புது டிஸ்குக்கு மாற்றிவிட்டு, "நான் வர்ற வரைக்கும் கை வைக்காதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் காலையில் சந்தைக்குக் கிளம்பினாள். ஆர்வக்கோளாறு யாரை விட்டது? இவன் பழையதைக் கழற்ற, கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

மலை உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சேற்று வெள்ளம் புறப்பட்டால் வீட்டளவு பாறைகளை உருட்டிக்கொண்டு வரும். கீழே, வறண்ட ஆற்றுக்குள் ஆட்கள் மணல் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பழக்கம். சைரன் கேட்டால்தான் கரையேறுவார்கள். வானமே இடிந்து விழுந்தாலும், சைரன் கேட்கவில்லை என்றால் ஆபத்தில்லை என்று மண்வெட்டியைக் கீழே வைக்க மாட்டார்கள்.

"நீயே வந்துடேன் வுரி. பைக்ல கால் மணி நேரம்தானே?"

"இப்ப வர முடியாது. திரையில என்ன எழுதியிருக்கு, படிங்க."

"காலையில போட்ட சண்டையை இன்னும் மனசுல வச்சிருக்கியா?"

"ஆமா, வச்சிருக்கேன். படிங்க."

"டிஸ்கைக் காணோம்னு சொல்லுது. கண்ணெதிர்லதானே மாட்டியிருக்கேன்!"

"ஒவ்வொரு டிஸ்குக்கும் அடையாள அட்டை மாதிரி ஒரு நம்பர் உண்டு. அது இன்னும் பழைய ஆளோட நம்பரைத்தான் தேடுது. புது ஆள் பக்கத்துலயே உக்காந்திருக்கிறது அதுக்குத் தெரியல. நான் சொல்றதை அடிங்க, புது நம்பர் வரும்."

எழுத்தும் எண்ணுமாக நீளமாய் ஒன்று வந்தது. அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

"இப்ப அணைச்சுப் போடுங்க. முதல் பட்டியல் வந்ததும் நிறுத்தி, உள்ளே போங்க. கடைசிக்கு முந்தின வரியில பழைய நம்பர் இருக்கும். அழிச்சுட்டுப் புதுசைப் போடுங்க."

அவள் சொன்ன வரியில், சொன்ன இடத்தில் அது இருந்தது. பர்யோனோ வாயைப் பிளந்தான். திரையைப் பார்க்காமலேயே இவ்வளவும் எப்படிச் சொல்கிறாள்! அவள் குரலுக்குப் பின்னால் ஓயாத இரைச்சல் கேட்டது. சந்தையின் தகரக் கூரையில் மழை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"ஆத்துக்குள்ள ஆளுங்க இருக்காங்க வுரி. யாராவது போய்ச் சொல்லணும்."

"அதுக்கு ஆள் இருக்கு. நீங்க ஒரு எழுத்து விடாம அடிங்க."

அடித்தான். வரிகள் மளமளவென்று ஓடி, சட்டென்று நின்றன.

"மறுபடி நின்னுடுச்சு! ஏதோ நொடி எண்ணுது!"

"பழைய டிஸ்க்ல இருந்த இன்னொரு பகுதியையும் தேடுது. ஒன்றரை நிமிஷம் தேடிட்டுத் தானா விட்டுடும். தொட்டுடாதீங்க."

அந்த ஒன்றரை நிமிஷம் அவனுக்கு ஒரு யுகமாக இருந்தது. தொண்ணூறாவது நொடியில் திரை விழித்தது. அதிர்வுக் கோடு வரையத் தொடங்கிய மறுகணமே அது செங்குத்தாக எகிறியது. மலை அதிர்ந்துகொண்டிருந்தது. யாரும் தொடாமலே ஆற்றங்கரைச் சைரன் அலற, பர்யோனோவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனூண்டு பெட்டி, அத்தனை பெரிய மலையின் மூச்சைக் கேட்டுவிட்டதே!

வாக்கி டாக்கியில் கூச்சல், மணல் லாரிகளின் உறுமல், ஓடும் காலடிகள். பிறகு பாறைகள் உருளும் பேரோசை.

"வுரி! வுரி!"

வெகுநேரம் கழித்து மூச்சிரைக்கும் குரல் வந்தது. "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நாற்பத்தொரு பேரும் ஏறியாச்சு."

"நாற்பத்தொண்ணா? காலையில ஆத்துக்குள்ள இறங்கினது நாற்பது பேர்தானே?"

"நாற்பத்தொண்ணாவது ஆள் நான்தான். நீங்க கூப்பிட்டதுமே சந்தையிலிருந்து ஆத்துக்கு வந்துட்டேன். சைரன் கேக்காம ஏற மாட்டோம்னு ஒரே பிடிவாதம். அதான் நீங்க முதல் எழுத்தை அடிச்சதிலிருந்து, வெள்ளம் வருதான்னு பாத்துக்கிட்டு ஆத்து நடுப் பாறை மேலயே நின்னேன்."