அடிக்கோடு

என் முன்னால் பீட்ரூட் வந்து இறங்கியது.

நான் கேட்டது ஈரலும் வெங்காயமும். வந்ததோ பீட்ரூட், அதன் மேல் ஆட்டுப்பால் சீஸ், அதற்கும் மேல் ஏதோ புல். எதிரே இருந்த பெரிலுக்கு அவள் கேட்ட பன்றித்தொடை வறுவலுக்குப் பதில் ஒரு முழ உயரத்துக்கு பர்கர். சரிந்துவிடாமல் நடுவில் குச்சி குத்தியிருந்தார்கள்.

ஜன்னலோர மேஜையில் இருந்த இளம் ஜோடி என் ஈரலை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

பரிமாறும் கெய்லி வேலைக்குப் புதுசு; முகம் பார்க்காமல் எண்ணைப் பார்த்தே தட்டை வைப்பாள். எங்கள் பப்பில் கவுன்டரில் போய்ச் சாப்பாடு சொன்னால் எண் எழுதிய வட்டக் கட்டை ஒன்று தருவார்கள். அதைக் கொண்டுவந்து மேஜையில் நிறுத்த வேண்டும். எனக்குக் கிடைத்தது 6, ஜன்னலோர ஜோடிக்கு 9. தலைகீழாக வைத்துத் தொலைத்தால் 9 ஆகிவிடுமே என்று எண்ணுக்கு அடியில் கோடு வேறு போட்டிருக்கிறார்கள். அப்படியும் இந்தப் பெண் மாற்றிக் கொடுத்துவிட்டாளே என்று எரிச்சலாக வந்தது.

சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். யார்க்‌ஷயரில் நாலு பேர் நடுவே சாப்பாட்டைக் குறை சொல்வதற்குப் பதில் கால்சட்டை இல்லாமல் கடைத்தெருவில் நடந்துவிடலாம்.

"எல்லாம் நல்லாயிருக்கா, கண்ணு?" என்றாள் கெய்லி.

எனக்கு எழுபத்திரண்டு வயது. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் எல்லோரும் கண்ணுதான்.

"ரொம்ப நல்லாயிருக்கும்மா," என்றேன்.

ஜன்னலோர மேஜையிலிருந்தும் அதே பதில் வந்தது. அந்தப் பெண் என் ஈரலைக் கத்தியால் தள்ளித் தள்ளி வெங்காயத்துக்கு அடியில் ஒளித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் அன்று என் கவலை ஈரல் இல்லை.

பெரிலின் மகள் டெவனில் இருக்கிறாள். ஓர் அறைக்கு வர்ணம் அடித்து வைத்துக்கொண்டு, வந்து எங்களோடு இரு என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பெரில் பதில் சொல்லியாக வேண்டும். டெவன் தேசத்தின் மறுகோடி. அங்கே போய்விட்டால் புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு யாரும் திரும்பி வரமாட்டார்கள்.

அவள் புருஷனும் என் மனைவியும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இரண்டு வருஷமாகப் புதன்கிழமைதோறும் இங்கே எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். என்னைக் கட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்கத்தான் ஒவ்வொரு புதனும் வருகிறேன். வந்து உட்கார்ந்ததும் வாயில் கொழுக்கட்டை.

அன்றும் சாப்பாடு வருவதற்கு முன் கழிப்பறைக் கண்ணாடியிடம் மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பெரில் அதற்குள் எல்லோரோடும் பழகிவிட்டிருந்தாள். ஷெர்ரி ஒயின் வாங்கப் போய், கவுன்டரில் கெய்லியிடம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்த அந்த ஜன்னலோரப் பையன் பக்கத்தில் நின்றாள். பிறகு அவர்கள் மேஜைக்கே போய் அவர்களுடைய நாய்க்குட்டியைக் கொஞ்சினாள். நான் திரும்பி வந்தபோது சமத்தாக எங்கள் மேஜையில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னாள்.

இப்போது கத்தியும் முள்கரண்டியுமாக அந்த பர்கரை மாடி மாடியாக இடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாகக் குழம்பு தண்ணீராக இருக்கிறது என்று என் காதில் மட்டும் முணுமுணுப்பவள், அன்று மூச்சுவிடவில்லை. மனசு டெவனுக்குப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டுகளை எடுத்துப் போன கெய்லி வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தாள். பெரிய வெள்ளைத் தட்டு ஒன்றைப் பெரில் முன்னால் வைத்தாள். நடுவில் ஐஸ்கிரீம். அதைச் சுற்றிச் சாக்லேட்டில் எழுத்துகள்.

என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?

ஜன்னலோரப் பையன் பேயறைந்தவன் போல எழுந்தான். "மன்னிச்சுக்கங்க," என்று யாருக்கும் கேட்காமல் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் முன்னால் எங்களுக்கு வர வேண்டிய கஸ்டர்ட் ஆவி பறக்க இருந்தது.

எனக்குப் பகீரென்றது. இது இன்னொருவன் தட்டு. பீட்ரூட் விஷயத்தில் சும்மா இருக்கலாம், இதில் முடியுமா?

"எல்லாம் நல்லாயிருக்கா, கண்ணுங்களா?" என்றாள் கெய்லி.

எழுபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகக் குறை சொல்ல வாயைத் திறந்தேன். மேஜைக்கடியில் யாரோ என் காலை நறுக்கென்று மிதித்தார்கள்.

"ரொம்ப நல்லாயிருக்கு," என்றாள் பெரில். கெய்லி நகர்ந்ததும் என்னைப் பார்த்தாள். "கேள்வி நல்ல கேள்விதான், க்ளிஃப். கேட்கிறவங்க தன் வாயாலயும் ஒரு தடவை கேட்டா பதில் சொல்லலாம்."

கேட்டேன். குரல் கிறீச்சிட்டது. கேட்டுவிட்டேன்.

"சரி," என்றாள். "ஐஸ்கிரீம் உருகுது, சாப்பிடுங்க."

அதே நேரம் ஜன்னலோரப் பையனும் வேறு வழியில்லாமல் கஸ்டர்டுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, தன் வாயாலேயே கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பெண் அழுதுகொண்டே தலையாட்டினாள். நாய் குரைத்தது. பப்பே கைதட்டியது. பாதிப் பேர் எங்களைப் பார்த்துத் தட்டினார்கள். எனக்கு இருந்த சந்தோஷத்தில் எழுந்து நின்று கும்பிடாத குறை.

கிளம்பும்போது பெரிலின் கோட்டை எடுக்கக் குனிந்தேன். எங்கள் மேஜையின் கட்டை கண்ணுக்கு நேரே இருந்தது. கோடு எண்ணுக்கு மேலே இருந்தது; எங்கள் 6 தலைகீழாக நின்று 9 ஆகியிருந்தது.

ஜன்னலோர மேஜையைப் பார்த்தேன். அங்கேயும் கோடு மேலே.

"என்ன, ஏதாவது குறையா?" என்றாள் பெரில், கையுறையை மாட்டிக்கொண்டே.

"ஒண்ணுமில்லை," என்றேன். "எல்லாம் ரொம்ப நல்லாயிருக்கு."