ஒரே டேக்

முதல் அடியிலேயே வாயாடி நாற்காலியோடு சரிந்து விழுந்தாள். லேப்டாப் திரையில் அதைப் பார்த்த டைரக்டருக்குப் புல்லரித்துவிட்டது.

நாடகம் படிக்கும் நாலு பேர், நாலு பல்கலைக்கழகம். ஒரு ஆன்லைன் வகுப்பு அவர்களைக் கோத்துவிட்டு, வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே டேக்கில் குறும்படம் எடுக்கச் சொல்லிவிட்டது. இன்று மாலைக்குள் அனுப்பாவிட்டால் நாலு பேரும் ஃபெயில்.

படத்தில் வாயாடிதான் மனைவி. அதே ஊரில் இருக்கும் நெட்டை, கணவன் வேடத்தில் அவள் வீட்டு அறைக்குப் போய் அடிக்கவேண்டும். கணவனின் முகம் தெரியவே கூடாது, கழுத்துக்குக் கீழேதான் தெரியவேண்டும் என்பது டைரக்டரின் யோசனை. அதில் அவனுக்கு ஏகப்பட்ட கர்வம்.

டைரக்டரும் எடிட்டர் கத்திரியும் தத்தம் ஊரிலிருந்து பார்த்தார்கள். தங்கள் சத்தம் பதிவாகிவிடுமே என்று வீடியோ காலில் மைக்கை அணைத்துவிட்டு, போனில் தனியாகப் பேசிக்கொண்டார்கள்.

"படிக்கிறேன்னு கதவைச் சாத்திக்கிட்டு எவன்கூடடி கொஞ்சிட்டு இருக்கே?" கொத்தாக முடியைப் பிடித்துத் தலையை மேஜை விளிம்பில் மோதினான். மறுபடியும் மோதினான்.

"இது நாம எழுதின வசனமே இல்லையேடா," என்றாள் கத்திரி.

"அதைவிட நல்லா இருக்கு. விடு."

"அண்ணா, வேணாண்ணா!" என்று அலறினாள் வாயாடி.

"கெட்டுது போ! புருஷனைப் போய் அண்ணாங்கறா!" என்றான் டைரக்டர்.

"நெட்டை அவளைவிட வயசுல பெரியவன் இல்ல? எப்பவும் அப்படித்தானே கூப்பிடுவா. பழக்கதோஷம்."

அவள் புருவத்திலிருந்து ரத்தம் வழிந்து கன்னத்தில் இறங்கியது. தரையில் கிடந்தவளின் விலாவில் பூட்ஸ் கால் இறங்க, உள்ளே ஏதோ முறிவது போலக் கேட்டது.

"எனக்குப் பயமா இருக்குடா. நிறுத்தச் சொல்லு," என்றாள் கத்திரி.

"மைக்கைத் திறந்தே, நாலு பேரும் ஃபெயில். மேக்கப்ல அவ எமகாதகி, உனக்குத் தெரியாதா? சும்மா இரு."

வாயாடி தவழ்ந்து வந்து கேமராவை நோக்கிக் கையை நீட்டினாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நடிப்பென்றால் இதுவல்லவா நடிப்பு என்று டைரக்டர் பூரித்துப்போனான். அந்தக் கையின் மீது நாற்காலி இறங்கியது. பிறகு அவள் தலை மீது.

கதவு படாரென்று சாத்தப்பட்டது. அவள் அசையவில்லை.

டைரக்டர் பதிவை நிறுத்திவிட்டு மைக்கைத் திறந்தான். "கட்! பிச்சு உதறிட்டே வாயாடி! எழுந்திரு."

அவள் எழவில்லை.

"ஏய், டேக் முடிஞ்சுது. ரொம்பத்தான் நடிக்காதே."

போனில் நெட்டையின் அழைப்பு குறுக்கே வந்தது. கத்திரியின் இணைப்பை வெட்டிவிட்டு அதை எடுத்தான்.

"மச்சான், கலக்கிட்டேடா! அந்தக் கடைசி அடி இருக்கே, நிஜமாவே அவளைக் கொன்னுட்டியோன்னு நினைச்சேன்!"

"என்னடா உளர்றே? நான் இன்னும் பஸ்லதான் இருக்கேன்."