பையில் இருந்த அரிசி

இதய ஆபரேஷனுக்குப் பிறகு கதிரேசன் போகப்போகும் முதல் மலைப்பயணம். தினமும் முதுகுப் பையில் அரிசி மூட்டையைச் சுமந்து மொட்டைமாடிக்கு ஏறி இறங்கிப் பழகினார். நாளாக நாளாகப் பை லேசானது.

"உடம்பு தேறிடுச்சு, வாசுகி."

"அதான் பாக்குறேனே" என்றாள் மனைவி. பயணத்துக்கான வரைபடத்தில் அவர் போக வேண்டிய வழியாக அவள் போட்டிருந்த பென்சில் கோடு மலைக் கணவாய்க்குக் கீழேயே நின்றிருந்தது.

ஒருநாள் பையைத் திறந்தவர், மூட்டையில் பாதிதான் இருக்கக் கண்டார். இத்தனை நாளும் வாசுகி அதிலிருந்து எடுத்துத்தான் உலையில் போட்டிருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் கடையில் அரிசி வாங்கி மூட்டையை நிரப்பினார்.

மறுநாள் ஏறி இறங்கியவர், மூச்சு அடங்கும்வரை வாசலுக்கு வெளியே நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

"இன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

"இன்னும் லேசா."

அவர் தோளிலிருந்து அவள் வாங்கியபோது பை முழு மூட்டையாய்க் கனத்தது. அவள் அவருடைய முதுகில் ஒட்டியிருந்த சட்டையின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்துக் கோட்டைக் கணவாய்க்கு அப்பால் நீட்டினாள்.