விடுதலைச் சாப்பாடு

ஜெயிலைவிட்டு வெளியே வந்ததும் அம்மா என் பிள்ளைகளைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. "எங்கடி இருக்குது அந்த வடைக் கடை?" என்றுதான் கேட்டாள்.

நேரு வீதியில் துணிக்கடைகளுக்கும் பாத்திரக்கடைகளுக்கும் நடுவே இருக்கிற ஜெயில் அது. தினமும் பத்து மணிக்கு மதிலைத் தாண்டி உளுந்து வடை வாசனை வருமாம். உள்ளே இருக்கிற பெண்கள் எல்லாம் கைவேலையை நிறுத்திவிட்டு மூச்சை இழுப்பார்களாம். ஏழு வருஷமாக அம்மா தின்ற வடை அவ்வளவுதான்.

அந்த வடைக் கடை எங்களுக்கு எதிர்வரிசையில் திறந்துதான் இருந்தது. பக்கத்துத் துணிக்கடையில் என் நாத்தனார் வேலை செய்கிறாள்.

இன்றைக்கு லீவு என்று அம்மாவிடம் சொன்னேன். சொல்லும்போதே வடை வாசனை அடித்தது. அம்மா சரி என்றாள்.

ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

ஒரு மாதமாக எனக்கு இதே யோசனைதான். அம்மா விடுதலையாகிற அன்று எங்கே கூட்டிப்போய்ச் சாப்பிட வைப்பது? நான் சமையல் வேலை பார்க்கிற வீட்டுப் பிரெஞ்சுக்காரம்மா ஏலிஸ் மதாம், கடல் தெரிகிற ஓட்டலாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போ என்றார். அம்மா ஊரிலிருந்து வருகிறாள் என்றுதான் மதாமிடம் சொல்லியிருந்தேன்.

கடலைப் பார்க்க என் அம்மாவுக்கு ஓட்டல் எதற்கு? பிள்ளைச்சாவடியில் பிறந்து மீன் கூடை சுமந்தவள். மீன் சாப்பாட்டுக் கடையும் சரிப்படாது. ஐஸில் கிடந்த மீனை இலையில் வைத்தால், சமைத்தவனைக் கூப்பிட்டு இது எத்தனை நாள் மீன் என்று கேட்டுவிடுவாள். பிரியாணிக் கடை என்றால் கூட்டம்.

இதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்களைத் தெரிந்தவர்கள் வராத ஓட்டலாக இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் தேடியது அதைத்தான்.

என் வீட்டுக்காரர் கலைச்செல்வன் கெட்டவர் இல்லை. குடித்துவிட்டு வந்து அடித்த புருஷனை அம்மிக் குழவியால் அடித்துக் கொன்றதாகத் தீர்ப்பானவள் பெற்ற பெண் என்று தெரிந்தேதான் என்னைக் கட்டிக்கொண்டார். அம்மா வரப்போகிற தேதியைச் சொன்னபோது மட்டும் முகம் மாறிவிட்டது.

"நல்ல ஓட்டலா பாத்து வயிறார சாப்பாடு வாங்கிக் குடு. அப்பிடியே கடலூர் பஸ் ஏத்திவுட்டுடு. கொலை பண்ண பொம்பளய புள்ளைங்க இருக்கிற வூட்ல வெச்சிக்க முடியாது."

நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கடலூரில் தணிகாசலம் மாமா, கூடப் பிறந்தவளை எங்கே விடுவது என்று தன் வீட்டின் பின்னால் ஒரு அறையை ஒழித்து வைத்திருந்தார். அதை அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். வயிற்றுக்குச் சோற்றைப் போட்டுவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். எவ்வளவு கேவலம் பாருங்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஓட்டலில், திரை போட்ட அறையில் உட்கார்ந்தோம். அம்மா இலையில் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் வழித்துவிட்டாள். அப்பளத்தை முதலில் தின்றாள். சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை சோறு வாங்கிக்கொண்டாள். தட்டுகளின் ஓசையும் சர்வர்களின் கத்தலும் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

பெரியவள் யார் ஜாடை என்று கேட்டாள். சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டாள். எப்போது பார்க்கலாம் என்று மட்டும் கேட்கவில்லை.

மோர் வந்தது. இனியும் தள்ளிப்போட முடியாது என்று, அம்மா, என்று ஆரம்பித்தேன்.

"கடலூர் பஸ்சு எத்தினி மணிக்கு?" என்றாள் அம்மா, இலையை மூடிக்கொண்டே.

போன மாதம் ஜெயிலில் மனு போட்டு அம்மாவைப் பார்க்க வந்தபோதே மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். எனக்கு அழுகை வந்தது. கூடவே, அப்பாடா என்று ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பஸ் புறப்பட நின்றது. அம்மா மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு படியில் ஏறியவள், பின்னால் ஏறுகிறவர்களை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"முதலியார்பேட்ட வழியாதான போவும்? எந்தப் பக்கம் ஒக்காந்தா ஒன் வூடு தெரியும்?"

இடது பக்கம் என்றேன். மருந்துக் கடைக்கு மேல்மாடி, கொடியில் பிள்ளைகளின் துணி காய்ந்துகொண்டிருக்கும் என்றேன்.

இடது பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. அம்மா இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இப்போதே வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு அப்போது பதினேழு வயது. அப்பா விழுந்து அசையாமல் கிடந்தபோது, அந்தக் கைகள்தான் என் கையிலிருந்து குழவியை வாங்கிக்கொண்டன.